35-இலிருந்து 21-க்கு: அயர்லாந்து வாக்காளர்கள் நிராகரித்த வயது வரம்பு மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

2015 மே 22, வெள்ளிக்கிழமையன்று அயர்லாந்து வாக்காளர்களுக்கு இரண்டு பொதுவாக்கெடுப்புச் சீட்டுகள் வழங்கப்பட்டன. ஒன்று, எந்தப் பாலினத்தைச் சேர்ந்த இருவரும் சட்டப்படி மணந்துகொள்ளலாம் என்னும் அரசமைப்புத் திருத்தத்தைப் பற்றியது. அது உலகம் முழுவதும் செய்தியானது. மற்றொன்று, குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவதற்கான குறைந்தபட்ச வயதை 35-இலிருந்து 21 ஆகக் குறைக்கும் திருத்தம். இந்த ஆய்வு அந்த இரண்டாவது சீட்டைப் பற்றியது. முடிவெடுத்தவர்களையும் பரப்புரையில் ஈடுபட்டவர்களையும் பெயரால் அன்றி, அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டுமே குறிப்பிடுகிறேன். பெயர்கள் வந்தால் வாசகரின் கவனம் கட்சிச் சார்பின் பக்கம் திரும்பிவிடுகிறது. வயதை ஒப்பிட வேண்டிய இடங்களில் மட்டும், பொதுப்பதிவில் உள்ள தலைவர்கள் சிலரின் பெயர்கள் வரும்.

பின்னணி: வரம்புகள் வந்த வழி

1937-ஆம் ஆண்டு அரசமைப்பின் 12-ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கான வயதை 35 என நிர்ணயித்தது. அந்த எண் அப்போது புதிதாகப் பிறந்ததல்ல. 1922-இல் உருவான ஐரிஷ் சுதந்திர அரசின் அரசமைப்பிலேயே மேலவை உறுப்பினராவதற்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. முதிர்ச்சியை வயதால் அளக்கும் பழக்கம் அங்கிருந்தே தொடர்ந்தது எனலாம். இதில் ஒரு சொற்சிக்கலும் உண்டு. ஆங்கில வாசகம் "முப்பத்தைந்தாவது வயதை எட்டிய" குடிமகன் என்கிறது. கண்டிப்பாகப் பொருள்கொண்டால் 34 நிறைந்து 35-இல் அடியெடுத்து வைத்தவரும் அதற்குள் அடங்கிவிடுவார். ஐரிஷ் மொழி வாசகமோ முப்பத்தைந்து ஆண்டுகள் முழுமையாக நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் முரண்பட்டால் ஐரிஷ் வாசகமே செல்லும் என 25-ஆம் உறுப்பு சொல்வதால், நடைமுறையில் 35 என்பதே வரம்பு.

கீழவையான டாயிலுக்கு 16-ஆம் உறுப்பு 21 வயதைக் கேட்கிறது. மேலவைக்கும் அதே தகுதிதான். வாக்களிக்கும் வயதும் தொடக்கத்தில் 21 ஆகவே இருந்தது. 1972 டிசம்பர் 7 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பு அதை 18 ஆகக் குறைத்தது. ஏறத்தாழ 85 சதவீதத்தினர் அதற்கு ஆதரவளித்தனர். ஆனால் போட்டியிடும் வயதை அந்தத் திருத்தம் தொடவே இல்லை. அதனால் வாக்களிக்கத் தகுதி பெற்ற ஒருவர் டாயிலுக்குப் போட்டியிட மேலும் மூன்றாண்டு காத்திருக்க வேண்டிய இடைவெளி அன்று உருவானது, இன்றும் நீடிக்கிறது. உள்ளாட்சி மன்றங்களுக்கு மட்டும் 18 வயதிலேயே நிற்கலாம். மேல் வயது வரம்பு இவற்றில் எதற்கும் கிடையாது.

நடைமுறையில் டாயிலின் கதவு இளையோருக்கு அடைத்துக் கிடக்கவில்லை. 1918 தேர்தலில் 21 வயதிலேயே வென்றவர் உண்டு. 1987-இல் மேரி காக்லன் 21 வயதிலும், 2011-இல் சைமன் ஹாரிஸ் 24 வயதிலும் டாயிலுக்குள் வந்தனர். அவையின் மிக இளைய உறுப்பினரை "டாயிலின் குழந்தை" என்று அழைப்பது அந்நாட்டு அரசியல் பேச்சில் வழக்கம். செல்லமும் சற்றே ஏளனமும் கலந்த பட்டம் அது.

குடியரசுத் தலைவர் பதவி வேறு வகை. முதல் தலைவர் டக்ளஸ் ஹைட் 1938-இல் பதவியேற்றபோது அவருக்கு வயது 78. ஏமன் டி வலேரா 1973-இல் பதவியிலிருந்து விலகியபோது 90. இதுவரை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் மிக இளையவர்களான மேரி ராபின்சனும் மேரி மக்காலீஸும் தேர்வானபோது தலா 46 வயதினர். அதாவது, 35 என்னும் எழுதப்பட்ட வரம்பை எவரும் உரசிக்கூடப் பார்த்ததில்லை.

மாநாட்டில் கேள்வி எழுந்த விதம்

2012-இல் அரசமைப்பு மாநாடு ஒன்று அமைக்கப்பட்டது. 100 உறுப்பினர்கள்: குலுக்கல் முறையில் வாக்காளர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 66 குடிமக்கள், 33 அரசியல்வாதிகள், ஒரு தலைவர். நாடாளுமன்றம் ஒப்படைத்த எட்டுப் பொருள்களில் குடியரசுத் தலைவரின் ஏழாண்டுப் பதவிக்காலத்தை ஐந்தாண்டாக்குவதும், வாக்களிக்கும் வயதை 17 ஆக்குவதும் இருந்தன. போட்டியிடும் வயது அந்தப் பட்டியலில் இல்லை.

2013 ஜனவரி இறுதியில் நடந்த முதல் வேலை அமர்வில் இந்த இரண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. பதவிக்காலத்தைக் குறைக்க 57 சதவீதத்தினர் மறுத்தனர். வாக்களிக்கும் வயதைக் குறைக்க 52 சதவீதத்தினர் இசைந்தனர். எந்த வயதாகக் குறைப்பது என்ற அடுத்த கேள்வியில் 17 என்றவர்களைவிட 16 என்றவர்களே அதிகம். தலைவர் பதவியைப் பற்றிய விவாதத்தின் கிளையாக மேலும் இரண்டு கேள்விகள் உறுப்பினரிடமிருந்தே எழுந்து வாக்குக்கு விடப்பட்டன. போட்டியிடும் வயதைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு 50 சதவீதம் ஆதரவு, 47 சதவீதம் எதிர்ப்பு, மீதி கருத்தின்மை. வேட்பாளரை முன்மொழிவதில் குடிமக்களுக்கும் பங்கு வேண்டுமா என்ற கேள்விக்கு 94 சதவீதம் ஆதரவு.

இந்த நிகழ்வு முழுவதையும் புரிந்துகொள்ள வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய இரண்டு எண்கள் 50-உம் 94-உம் ஆகும். குடியரசுத் தலைவர் வேட்பாளராக வேண்டுமென்றால் நாடாளுமன்ற இரு அவைகளின் உறுப்பினர் 20 பேரோ, நான்கு மாவட்ட அல்லது மாநகர மன்றங்களோ முன்மொழிய வேண்டும். ஆக வாசலில் நிற்பவை கட்சிகள். 21 வயது இளைஞரை மட்டுமல்ல, கட்சிச் சார்பற்ற 50 வயதுக்காரரையும் அந்த வாசலே தடுக்கிறது. மாநாட்டின் உறுப்பினர்கள் அதைக் கண்டுகொண்டார்கள் என்பதற்கு அந்த 94-ஐவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மாநாட்டின் அமைப்பிலேயே இருந்த ஒரு குறையும் கவனத்துக்குரியது. 66 குடிமக்களும் வாக்குரிமை உள்ளவர்கள் என்பதால், வாக்களிக்கும் வயதைப் பற்றி முடிவெடுத்தவர்களில் 18-க்குக் கீழ்ப்பட்டவர் ஒருவரும் இல்லை. இத்தனைக்கும் 12 முதல் 17 வயது வரையினருக்கான இளையோர் மன்றங்கள் ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியிலும் 2002 முதல் இயங்கி வந்தன.

அமைச்சரவை எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாநாட்டின் அறிக்கைக்கு விடையளித்த கூட்டணி அரசு, வாக்களிக்கும் வயதை 16 ஆக்கும் பொதுவாக்கெடுப்பை 2015 முடிவதற்குள் நடத்துவதாக முதலில் ஒப்புக்கொண்டது. 2015 ஜனவரியில் நிலை மாறியது. திருமணத் திருத்தமும் தலைவர் வயதுத் திருத்தமும் மட்டுமே மக்கள் முன் வைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வாக்களிக்கும் வயது கைவிடப்பட்டது. முன்மொழிவு முறையைப் பற்றிய 94 சதவீதப் பரிந்துரை இந்தப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை.

இந்தத் தேர்வுக்கான காரணங்களை நடுநிலையோடு பார்க்க வேண்டும். அயர்லாந்தில் அரசமைப்பின் எந்தச் சொல்லை மாற்றவும் பொதுவாக்கெடுப்பு கட்டாயம். ஆண்டொன்றில் எத்தனை கேள்விகளை மக்களிடம் கொண்டுசெல்லலாம் என்பதற்கு நடைமுறை எல்லை உண்டு. வயதுத் திருத்தம் எழுதுவதற்கு எளிது, ஒரு வரி மாற்றம் போதும், செலவில்லை, எதிர்க்க எந்தப் பெரிய கட்சியும் முன்வரவில்லை. வாக்களிக்கும் வயதை 16 ஆக்குவதோ ஆளுங்கட்சிகள் அடுத்த தேர்தலில் எதிர்கொள்ளும் வாக்காளர் தொகையையே மாற்றும். முன்மொழிவு முறையைத் திறந்துவிடுவது கட்சிகளின் கையிலுள்ள சாவியைக் கேட்பதாகும். மூன்றில் எதனால் ஆட்சியிலிருப்போருக்கு இழப்பே இல்லையோ, அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. உள்நோக்கம் கற்பிக்க எனக்கு ஆதாரமில்லை. விளைவு அப்படி அமைந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

21 என்னும் எண்ணுக்கான தர்க்கம் டாயில் வயதோடு ஒத்திசைவு. டாயில் உறுப்பினரே டீஷாக் எனப்படும் பிரதமராக முடியும் என்பதால், உண்மையான நிர்வாக அதிகாரத்தை 21 வயதில் ஒருவர் ஏற்க அரசமைப்பு இடம் தருகிறது. பெரும்பாலும் அரசின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டிய பதவிக்கு மட்டும் 35 கேட்பது முரண் என்றனர் ஆதரவாளர்கள். காகிதத்தில் இது மறுக்க முடியாத வாதம். மைக்கேல் காலின்ஸ் 1922-இல் தற்காலிக அரசின் தலைமையை ஏற்றது 31 வயதில் என்பதையும் இதோடு சேர்த்து நினைக்கலாம். ஆனால் அந்த முரணை நீக்க 35-ஐ 30 ஆக்கியிருக்கலாம். அல்லது வாக்களிக்கும் வயதான 18-ஐ எல்லாப் பதவிகளுக்கும் பொதுவாக்கியிருக்கலாம். முன்னதற்கு எதிர்ப்பு குறைந்திருக்கும், பின்னதற்குக் கொள்கைத் தெளிவு இருந்திருக்கும். 21 இரண்டுக்கும் நடுவே நின்றது.

பரப்புரைக் காலத்தில் கவனிக்கப்பட்டவை

அயர்லாந்தின் பொதுவாக்கெடுப்பு விதிகள் இந்த இடத்தில் முக்கியமாகின்றன. 1995-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, அரசு பொதுப்பணத்தைக் கொண்டு ஒரு தரப்புக்காக மட்டும் பரப்புரை செய்ய முடியாது. நடுநிலைத் தகவலை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு பொதுவாக்கெடுப்பு ஆணையத்துடையது. தொடக்கத்தில் அந்த ஆணையம் இரு தரப்பு வாதங்களையும் எடுத்துரைக்கும் கடமையும் கொண்டிருந்தது; 2001-இன் சட்டத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. ஆகவே கட்சிகளும் இயக்கங்களும் தம் சொந்தப் பணத்தில் வீதிக்கு வந்தால்தான் வாக்காளரின் காதில் வாதம் விழும்.

திருமணத் திருத்தத்துக்கு அவர்கள் வந்தார்கள். பல்லாயிரம் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்றனர். வேலை தேடி வெளிநாடு போயிருந்த இளையோர் வாக்களிப்பதற்காகவே விமானத்திலும் கப்பலிலும் திரும்பினர். அதே வீடுகளின் கதவைத் தட்டியவர்கள் வயதுத் திருத்தத்தைப் பற்றிப் பேசுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். இரண்டாவது கேள்வி முதல் கேள்வியின் ஆதரவைக் கரைத்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆதரவாகச் சில இளையோர் அமைப்புகளின் குரல் மட்டும் கேட்டது. விளைவாக, பெரிய கட்சிகள் எதிர்க்காத ஒரு திருத்தம், எவரும் உரத்து ஆதரிக்காத திருத்தமாகவும் ஆனது.

வாதங்கள் இல்லாத இடத்தை வாக்காளர்கள் தம் கற்பனையால் நிரப்பினர். தொலைக்காட்சி விவாதங்களிலும் அங்காடிகளிலும் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்றே: இருபத்தொரு வயதுப் பிள்ளை நாட்டின் முதல் குடிமகனாக நின்று வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்பதா? போட்டியிடும் உரிமை வேறு, வெற்றி வேறு, நடுவே முன்மொழிவு என்ற சல்லடையும் தேர்தல் என்ற சல்லடையும் உள்ளன என்ற விளக்கம் அந்தக் கற்பனைக் காட்சியின் முன் எடுபடவில்லை. போகிற போக்கில் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது: "இதை யார் கேட்டார்கள்?"

வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு, மே 7 அன்று, அண்டை நாடான பிரிட்டனின் பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தின் மாரி பிளாக் 20 வயதில் நாடாளுமன்ற உறுப்பினரானார். அங்கே போட்டியிடும் வயது 2006-இன் சட்டத்தால் 21-இலிருந்து 18 ஆகியிருந்தது. அதே வயதில் அவர் அயர்லாந்துக் குடிமகளாக இருந்திருந்தால் டாயில் வேட்புமனுவையே தாக்கல் செய்திருக்க முடியாது. இளையோர் பிரதிநிதித்துவத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான தருணம் வாய்த்திருக்காது. ஆனால் மக்கள் முன் இருந்த சீட்டு டாயிலைப் பற்றியதாக இல்லை.

முடிவும் எண்களும்

மறுநாள் சனிக்கிழமை எண்ணிக்கை. பதிவான வாக்கு 60 சதவீதத்துக்குச் சற்று மேல். வயதுத் திருத்தத்துக்கு ஆதரவு 5,20,898 வாக்குகள், எதிர்ப்பு 14,12,602. சதவீதத்தில் 26.94-க்கு 73.06. 43 தொகுதிகளில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. அதுவரை நடந்த பொதுவாக்கெடுப்புகள் எதிலும் இவ்வளவு உயர்ந்த எதிர்ப்பு பதிவானதில்லை. 2024 மார்ச்சில் பராமரிப்பு பற்றிய திருத்தம் ஏறத்தாழ 74 சதவீத எதிர்ப்போடு தோற்றபோதுதான் அந்தப் பதிவு கைமாறியது.

அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில் திருமணத் திருத்தம் 12,01,607 ஆதரவு வாக்குகள் பெற்று 62 சதவீதத்தோடு வென்றது. இரண்டையும் அருகருகே வைத்துக் கழித்தால் ஓர் உண்மை வெளிப்படுகிறது: திருமணத்துக்கு ஆதரவாகக் குறியிட்டவர்களில் குறைந்தது 6,80,000 பேர் வயதுத் திருத்தத்துக்கு ஆதரவளிக்கவில்லை. மாற்றத்துக்கு அஞ்சும் பழமைவாதிகள் தோற்கடித்தார்கள் என்ற விளக்கம் இந்தக் கழித்தலுக்குப் பின் நிற்காது. அன்று வரலாற்று மாற்றத்துக்கு வாக்களிக்க வரிசையில் நின்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரே அடுத்த சீட்டை ஒதுக்கித் தள்ளினர்.

அவர்கள் இளையோரை நிராகரித்தார்களா? அப்படி முடிவு கட்டுவது அவசரம் என்றே கருதுகிறேன். அதே வாக்காளர்கள் 2020-இல் ஜேம்ஸ் ஓகானரை 22 வயதில் டாயிலுக்கு அனுப்பினர். டாயில் 2017-இல் 38 வயது லியோ வரட்கரையும் 2024 ஏப்ரலில் 37 வயது சைமன் ஹாரிஸையும் பிரதமராகத் தேர்ந்தெடுத்தபோது வயதை முன்னிட்டுப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. அதிகாரம் செலுத்தும் பதவிக்கு இளமை தடையாகத் தோன்றாத நாட்டில், அடையாளப் பதவிக்கு மட்டும் முதுமை எதிர்பார்க்கப்படுகிறது. பிரதமரிடம் வேகத்தையும் குடியரசுத் தலைவரிடம் வாழ்ந்து முடித்த ஒரு வாழ்க்கையின் எடையையும் அம்மக்கள் தேடுகிறார்கள். சட்ட ஒத்திசைவு என்ற வாதம் இந்த எதிர்பார்ப்பைத் தொடவே இல்லை.

பின்விளைவுகள்

முதல் விளைவு கேள்வியே மூடப்பட்டதாகும். 73 சதவீதம் என்ற எண், போட்டியிடும் வயதைப் பற்றி இனி யார் பேசினாலும் முன்னே நீட்டப்படும் பதிலாகிவிட்டது, கேட்கப்படுவது டாயில் வயதாக இருந்தாலும்கூட. வாக்களிக்கும் வயதை 16 ஆக்கும் பொதுவாக்கெடுப்பு இதுவரை நடக்கவில்லை. 2022-இன் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் 16, 17 வயதினர் முன்கூட்டியே பெயரைப் பதிந்துகொள்ள வழி செய்தது. வாக்கு 18 நிறைந்த பிறகுதான்.

முன்மொழிவு வாசல் அப்படியே நின்றது. 2025 அக்டோபர் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்குச்சீட்டில் மூன்று பெயர்களே இருந்தன, அவர்களில் ஒருவர் பரப்புரையின் நடுவில் விலகியவர். 20 நாடாளுமன்றக் கையெழுத்துகளை நாடிய ஒருவர் 18-இல் நின்றுபோனார். வென்ற கேத்தரின் கானலிக்கு வயது 68. செல்லாத வாக்குகள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. அவற்றில் பலவற்றில் தெரிவின்மையைக் குறைகூறும் வாசகங்கள் எழுதப்பட்டிருந்தன. 94 சதவீதப் பரிந்துரை சுட்டிக்காட்டிய குறை பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வாக்குச்சீட்டின் மேலேயே எழுதப்பட்டது.

கவனத்தில் வராத வேறொன்று இதே காலத்தில் நடந்தது. 2014-இன் உள்ளாட்சிச் சீர்திருத்தம் 80 பட்டண மன்றங்களைக் கலைத்தது. நாட்டின் உள்ளாட்சி உறுப்பினர் இடங்கள் 1,627-இலிருந்து 949 ஆகச் சுருங்கின. 18 வயதில் ஒருவர் ஏறக்கூடிய மிகத் தாழ்ந்த படி, சில நூறு வாக்குகளில் வெல்லக்கூடிய, பிழை செய்து கற்றுக்கொள்ளக்கூடிய படி, இவற்றோடு போயிற்று. உச்சிப் பதவியின் வயதைக் குறைக்க முயன்றதற்கு முந்தைய ஆண்டிலேயே அடிப்படியை அகற்றிய முரணை அன்று பேசியவர்கள் குறைவு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே சூழலில் மீண்டும் முடிவெடுக்க நேர்ந்தால், முதலில் கேள்வியின் வரிசை மாற வேண்டும். டாயில் வயதை 18 ஆக்குவது முன்னால் வந்திருந்தால், வாக்களிக்கலாம் ஆனால் நிற்கக்கூடாது என்ற மூன்றாண்டு இடைவெளி வெளிப்படையாக விவாதத்துக்கு வந்திருக்கும். அது கற்பனைக்கு அல்லாமல் வாழும் மனிதர்களுக்கு உடனே பொருந்தும் கேள்வி.

அடுத்தது, பெரும் கேள்வியோடு சிறு கேள்வியை ஒரே நாளில் இணைக்கும் வழக்கம். செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் பொதுப்பணத்தில் ஆதரவுப் பரப்புரை செய்ய முடியாத, ஆணையமும் வாதங்களை எடுத்துரைக்காத அமைப்பில், தன்னார்வலர்களின் காலும் குரலும் மட்டுமே மூலதனம். அது முழுவதும் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வெறுமையே மிஞ்சும். 2023-இல் பழைய ஆணையத்தின் இடத்துக்கு வந்த நிலையான தேர்தல் ஆணையம், வாக்கெடுப்பு அறிவிக்கப்படுவதற்கு வெகு முன்பே இத்தகைய கேள்விகளை ஆராய்ந்து மக்கள் முன் வைக்கும் வசதி உடையது.

மூன்றாவதாக, கட்சிகளின் வேட்பாளர் தேர்வு. 2012-இன் சட்டம் ஒவ்வொரு பாலினத்தவரும் வேட்பாளர்களில் 30 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றும், தவறும் கட்சி தன் அரசு நிதியில் பாதியை இழக்கும் என்றும் விதித்தது. 2023-இல் அது 40 சதவீதமானது. இளையோருக்கு அப்படி எதுவும் இல்லை. வயதுக்கும் அதே கணக்கைப் பொருத்துவது சரியா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு, ஏனெனில் இளமை எல்லோரையும் கடந்து போவது. ஆயினும் நிதியைத் தொட்டால் கட்சிகள் நகர்கின்றன என்பதை அந்தச் சட்டம் காட்டிவிட்டது.

கடைசியாக, பொதுவாக்கெடுப்பே தேவைப்படாத ஒரு வழி 2015-இலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வயதை அரசமைப்பு நிர்ணயிக்கவில்லை. நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றால் அதை 16 ஆக்கிவிட முடியும். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029-இல் வர வேண்டும்.